13 வயசுல காலேஜ் சீட் ரெடி! அமெரிக்க விளையாட்டின் 'சீக்கிர கமிட்மென்ட்' லாபமா, ரிஸ்க்கா?

2010-ம் ஆண்டு பிப்ரவரி. டேவிட் சில்ஸ் அப்போது 13 வயதுச் சிறுவன், படித்தது ஏழாம் வகுப்பு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்சி) அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் லேன் கிஃபின், அந்தச் சிறுவனுக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வந்தார். சில்ஸும் ஓகே சொல்லிவிட்டார். கல்லூரியில் சேரவே இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

அதன்பின் நடந்தது வேறு. 2013-ல் கிஃபினின் வேலை போனது. சில்ஸ் கடைசியில் சேர்ந்தது வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில். யுஎஸ்சி அவரைக் குறிவைத்தது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக. அவர் பெயர் வாங்கியதோ பந்தைப் பிடிக்கும் ரிசீவராக! 2017 சீசனில் மட்டும் 18 டச் டவுன்கள் பிடித்தார்.

ஆக, 13 வயதில் எடுத்த முடிவில் கல்லூரி, பயிற்சியாளர், ஆடும் இடம் என எதுவுமே நிலைக்கவில்லை. அப்படியிருந்தும் இளம் வீரர்கள் ஏன் முந்திக்கொண்டு ஓகே சொல்கிறார்கள்?

'கமிட்' ஆனால் சீட் உறுதியா?

இல்லை. பள்ளி மாணவர் 'இந்தக் கல்லூரிக்குத்தான் ஆடப்போறேன்' என்று சொல்வது வெறும் வாய்மொழி வாக்குறுதி. அது மாணவரையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்துபூர்வமாகக் கையெழுத்தான பிறகுதான் அதற்கு மதிப்பு. பல்லாண்டுகளாக இருந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' முறை 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தம்தான் முக்கிய ஆவணம்.

நடுநிலைப் பள்ளிக் குழந்தைகள்கூட கமிட் ஆவது அதிகரித்ததால், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ கடிவாளம் போட்டது. 2019-ல் வந்த விதிப்படி, பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் பயிற்சியாளர்கள் மாணவரிடம் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது.

சீக்கிரம் முடிவெடுப்பதில் என்ன லாபம்?

முதலில் நிம்மதி. கல்லூரி உறுதியானால், பயிற்சியாளர்கள் கண்ணில் படுவதற்காக ஊர் ஊராக கேம்ப், டோர்னமென்ட் என்று பெற்றோர் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. மாணவரும் படிப்பைக் கவனிக்கலாம்.

இரண்டாவது, போட்டி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி வீரர்களில் சுமார் 2% பேருக்கே கல்லூரியில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைப்பதாக என்சிஏஏ சொல்கிறது. கதவு இவ்வளவு குறுகலாக இருக்கும்போது, வந்த வாய்ப்பை விடக் கூடாது என்று தோன்றுவது இயல்பு.

அப்போ சிக்கல் எங்கே?

* உடல்: 14 வயதில் உயரமாக இருப்பவர் 18 வயதில் சராசரி ஆகிவிடலாம், பின்தங்கியவர் முந்தலாம். சீக்கிரம் கமிட் ஆக வேண்டுமென்றால், சின்ன வயதிலேயே ஒரே விளையாட்டில் இறங்க வேண்டும். ஆனால் 15-16 வயது வரை அதைத் தள்ளிப்போடுவதே நல்லது என அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது.

* டிரான்ஸ்ஃபர்: 2024 முதல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம். எனவே பயிற்சியாளருக்கு 18 வயதுப் புதுமுகத்தை வளர்ப்பதைவிட, ஏற்கெனவே கல்லூரியில் ஆடிய 21 வயது வீரரைக் கூட்டி வருவது ஈஸி.

* இடக்கட்டுப்பாடு: 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற 'ஹவுஸ்' வழக்கு சமரசத்தால், கல்லூரிகள் 2025-26-ல் தலா சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம். ஆனால் இதில் சேர்ந்த கல்லூரிகள் அணியின் அளவையும் கட்டுப்படுத்த வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு 105 பேர், பேஸ்பாலுக்கு 34 பேர். இந்த விதி வரும் என்று தெரிந்ததுமே, பல அணிகள் வீரர்களைக் கழற்றிவிட்டன. இடம் தருவதாக வாக்குக் கொடுக்கப்பட்ட பள்ளி மாணவர்களும் அதில் உண்டு. இது நீதிமன்றம் வரை பிரச்னையாகி, பாதிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு தரப்பட்டது. ஆனாலும் அணியில் மீண்டும் இடம் கொடுப்பது கல்லூரியின் விருப்பம்தான்.

நம்ம ஊர் வீரர்களுக்கு இதில் என்ன?

இந்த வழி இந்திய டென்னிஸுக்குப் புதிதல்ல. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என அடுத்தடுத்து என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். 2025 டேவிஸ் கோப்பையில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிராகக் கலக்கிய மதுரையின் தக்‌ஷினேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக வீரர்.

ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு வேலை, வருமானம் சார்ந்து கடும் கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்க சக வீரர் விளம்பரத்தில் சம்பாதிப்பதுபோல இவர்களால் எளிதில் சம்பாதிக்க முடியாது. ஸ்காலர்ஷிப் போனால் அடி இரட்டிப்பு. அங்கே தொடர வேண்டுமென்றால் டாலரில் ஃபீஸ் கட்ட வேண்டும்.

ஓகே சொல்லும் முன் கேட்க வேண்டியவை

* ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்கா, முழுப் படிப்புக்குமா? ஃபீஸில் எத்தனை சதவிகிதம்?
* காயம் பட்டால் பணம் தொடருமா?
* இந்தப் பயிற்சியாளர் போய்விட்டால் என்ன ஆகும்?
* என் இடத்தில் ஆட இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?
* இதெல்லாம் எழுத்தில் வருமா?

முடிவாக...

தேடலைச் சீக்கிரம் தொடங்குவதில் தவறில்லை. மதிப்பெண், ஆட்ட வீடியோ, பயிற்சியாளர்களுக்கு மெயில் எல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே தயாராகலாம். அவசரப்படக் கூடாதது ஓகே சொல்வதில்தான். ரொம்பவும் தள்ளிப்போட்டாலும் ஆபத்து, இருக்கிற சில இடங்களும் நிரம்பிவிடும். அதனால் சரியான கேள்வி 'எப்போ கமிட் ஆகணும்?' என்பதல்ல. 'நாளைக்கே ஆட முடியாம போனாலும், இந்தக் காலேஜ்ல இந்தப் படிப்பைப் படிப்பேனா? அதுக்கான செலவை வீடு தாங்குமா?' இரண்டுக்கும் பதில் 'ஆமா' என்றால், பதினோராம் வகுப்பில் கமிட் ஆவதுகூட சீக்கிரம் இல்லை. ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், காத்திருப்பதே புத்திசாலித்தனம்.