கற்கச் செல்லும் பயணம்

கம்போடியாவின் சியம் ரீப் நகருக்கு ஆஸ்திரேலியப் பள்ளி மாணவர்கள் குழுக்களாகச் செல்வதுண்டு. அங்கோர்வாட் கோயிலைக் கண்டு வியந்தபின், ஆதரவற்றோர் இல்லங்களில் சில நாள் ஆங்கிலம் கற்பித்துத் திரும்புவது பலரது வழக்கமாயிருந்தது. நோக்கம் தூயதே, விளைவு அவ்வாறன்று. அவ்வில்லக் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. சில இல்லங்கள் நன்கொடையை நாடியே வறியோரின் பிள்ளைகளைச் சேர்த்திருந்தன. வருவோர் கொஞ்சுவர், பழகுமுன் பிரிவர். தம் பிள்ளையின் வகுப்பில் வாரம் ஓர் ஆசிரியர் மாறுவதை எந்தப் பெற்றோர்தாம் பொறுப்பர்? 2018இல் ஆஸ்திரேலிய அரசே இவ்வகைத் தொண்டைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. பயணம் தொடரட்டும். கெமர் மொழியில் நான்கு சொற்களேனும் பயிலட்டும். அப்சரா நடனமும் கற்சிற்பமும் அறிந்தோர்முன் மாணவராகவே அமரட்டும். கற்பிக்கும் பணியை அந்நாட்டு ஆசிரியர்க்கு விட்டுவிடலாம். அவர்க்கு அதற்குரிய ஊதியமும் தேவைப்படுகிறது.