சூ ஷெஃப்: பணி விவரத்தில் எழுத வேண்டியவை

சூ ஷெஃப் பணிக்கான விவரத்தில் முதலில் வர வேண்டியது அதிகார எல்லை. 1890-களில் லண்டன் சவாய் ஹோட்டலின் சமையலறையை நடத்திய எஸ்கோஃபியே சீர்படுத்திய பிரிகேட் அடுக்கில், தலைமை ஷெஃபுக்கு அடுத்த இடம் சூ ஷெஃபுடையது. தலைமை ஷெஃப் இல்லாத வேளையில் கிச்சன் இவர் சொல்படி நடக்கும். நட்சத்திர ஹோட்டல்களில் இன்றும் அதே வழக்கம்தான். பணி விவரங்களோ துடிப்பு, தலைமைப் பண்பு, சுறுசுறுப்பு என்ற சொற்களால் நிரம்புகின்றன. அவற்றைப் படித்து, இது தனக்கான வேலையில்லை என்று விலகுபவர் யாருமில்லை.

எழுத வேண்டியவை வேறு. இன்டென்ட்டில் கையெழுத்திடுபவர் யார்? தரம் குறைந்த மீன் வந்தால் ரிசீவிங்கிலேயே திருப்பி அனுப்பலாமா? டூட்டி ரோஸ்டர் போடுவதும் கமிகளுக்கு (இளநிலை சமையலர்களுக்கு) விடுப்புத் தருவதும் யார் பொறுப்பு? ஃபுட் காஸ்ட்டுக்கு சூ ஷெஃப் பதில் சொல்ல வேண்டுமென்றால், கொள்முதலிலும் போர்ஷன் அளவிலும் அவர் சொல் செல்ல வேண்டும். அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் சுமத்தும் விவரம் நேர்மையற்றது. அதை நம்பிச் சேர்ந்தவர் நிலைக்க மாட்டார்.

கிச்சனின் தன்மையையும் சொல்லிவிட வேண்டும். அலகார்ட்டில் தேர்ந்தவர், முகூர்த்த நாளில் ஆயிரம் பேருக்கான பேன்கெட்டையும் நடத்திவிடுவார் என்று எண்ணக் கூடாது. இரண்டும் வெவ்வேறு திறன்கள்.

இந்தியாவில் 25 உணவுப் பணியாளர்களுக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. அந்தப் பொறுப்பு சூ ஷெஃபிடம் வருமானால் அந்த ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சிச் சான்றிதழைத் தகுதியாகக் கேட்கலாம். குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமலும் இருப்பதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை என்றால், அதையும் குறிப்பிட வேண்டும்.

கேட்டரிங் பட்டயத்தைக் கட்டாயமாக்குவது பல நேரங்களில் இழப்பு. கமியாகத் தொடங்கி ஒவ்வொரு செக்‌ஷனிலும் நின்று வளர்ந்தவர்கள் அந்த ஒரு வரியால் தடுக்கப்படுகிறார்கள். கைத்திறனை அளக்க ஃபுட் டிரயல் இருக்கிறது. எத்தனை பதார்த்தம், எவ்வளவு நேரம், பொருள்களை யார் தருவது என்பவற்றை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போதும்.

பிரேக் ஷிஃப்ட் உண்டா, வார விடுப்பு எந்த நாள், தங்குமிடம் தரப்படுமா என்பவை குடும்பம் உள்ளவர்களுக்கு முடிவைத் தீர்மானிக்கும் செய்திகள். ஊதிய வரம்பும் அப்படியே. அதை மறைத்து வெளியிடும் விவரம் அரைகுறையானது.