இலவச மேடையும் நான் நிறுத்திய நாடகமும்

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1986 முதல் கோடைதோறும் சம்மர்ஸ்டேஜ் விழா, பெரும்பாலும் இலவசம். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், அங்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் நடன நாடகம் பார்த்தேன். கதை கிடையாது. பாதி ஸ்பானிஷ். ஒருத்தி பெட்டியோடு ஓடுகிறாள், விழுகிறாள், மறுபடி ஓடுகிறாள்.

"ஓசியில் வேறென்ன காட்டுவார்கள், வாங்க போகலாம்" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு உடன்பாடில்லை. 1965-இல் கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது லூயிஸ் வால்டெஸ் லாரி மேலேயே நாடகம் போட்டார், நடித்ததும் கூலியாட்களே. டிக்கெட் வைத்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? காசு கொடுத்தவன் புரியாததைப் பொறுக்க மாட்டான். இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு இலவச மேடைதான் சரி.

ஆண்டு விழா ஒத்திகையில் "கருத்து எங்கே?" என்று கேட்டு, வசனமே இல்லாத உங்கள் நாடகத்தைப் பாதியில் நிறுத்தினேன். எந்த பேட்ச் என்று உங்களுக்கே தெரியும். மீதி என்னவாக இருந்தது? யாராவது எழுதுங்கள்.