பாதை ஹந்தானையில் தொடங்கவில்லை

சைக்கிள் பயணம் என்றதும் நம்ம பயலுகளுக்கு ஒரே படம்தான். தலையில ஹெல்மெட், பின்னால தேயிலை மலை, ஓரத்தில கூடையோடு ஒரு அக்கா. ஹுன்னஸ்கிரிய டீக்கடையில் நின்று மீமுரைக்கு வழி கேட்கிறவர்கள் அந்தப் படத்துக்குத்தான் வருகிறார்கள். வரட்டும். நாங்களும் அதையே எடுத்துப் போடுகிறோமே, கோபம் அதில்தான்.

பீக்கோ ட்ரெயில் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டம். ஹந்தானை தேயிலை நூதனசாலையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. பழைய தோட்டப் பாதைகளைத் தேடித் தொடுத்திருக்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் அது தேயிலை போன வழி. ஆட்கள் வந்த வழி எங்கே?

தலைமன்னார், மன்னார், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. கோப்பிக் காலத்தில் காட்டுக்குள்ளே நடந்து, காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்த பாதை. 200 வருட நினைவாக 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை மலையக மக்கள் அதில் மாத்தளை வரை நடந்தார்கள். அப்போது "லீவு இல்ல மச்சான்" என்று சொன்ன நாங்கள்தான் பிறகு ஒரு ஆடியில் சைக்கிளை எடுத்தோம்.

மன்னார்க் காற்றை யாரும் சொல்லித் தரவில்லை. தீவிலிருந்து கரைக்கு வரும் பாலத்தில் வலப்பக்கமாக அடித்துத் தள்ளுது. இறங்கி உருட்டித்தான் கடந்தோம். இது சோளகம், மேற்கிலிருந்து வந்தா கச்சான் என்றார் ஒரு மீனவ ஐயா. கச்சான் என்றால் வண்டியில் வறுத்து விற்கிறது மட்டும்தான் என்று இருந்தோம். மதவாச்சியில் தெற்கே திரும்பினா அந்தக் காற்று முகத்துக்கே வருது. மேற்கு மலைத் தோட்டங்களில் மழையைக் கொட்டுகிற அதே பருவக்காற்று, இங்கே வெறும் தூசி.

செத்தவர்கள் நடந்த பாதையில் கியர் சைக்கிள் ஓட்டுவது கேவலம் இல்லையா என்று ஒரு தோழர் கேட்டார். ஏசி வானில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவது மட்டும் மரியாதையா? போத்தல் காலியாகி, அடுத்த கடை தெரியாமல் மிதித்த அந்த ஒரு மணித்தியாலம் எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தராதது. அவர்களுக்கு அடுத்த கடையே இல்லை.

தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது தோன்றியது இதுதான்: மலையைத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஏழு பேர்ச்சஸுக்கு உறுதி கேட்டு நிற்கிறார்கள். காணி இல்லாதவனுக்குப் பாதையாவது சொந்தமாக இருக்கட்டும். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கட்டம் பிரித்து, தண்ணீர் கிடைக்கிற இடம் எழுதி, மூன்று மொழியிலும் பலகை வையுங்கள். ஹந்தானைக்கு முடிந்தது மன்னாருக்கு ஏன் முடியாது?

"மலையில சைக்கிள் எதுக்குடா" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அடுத்த ஆடிக்கு வாங்க, டியூப் ரெண்டு கூடுதலா கொண்டுவாங்க.