அளந்து பார்த்து விற்போம்!
கொழுந்தெடுக்கும் இயந்திரமும் நமது கடைகளும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பழமொழி. பணம் கொடுத்து வாங்குகிறவருக்குச் சொன்னதாகவே இதை எல்லோரும் எடுத்துக் கொள்கிறோம். பொருளை விற்கிறவருக்கும் இது பொருந்தும் என்பது நமது கருத்து.

குன்னூர், கோத்தகிரி, உதகை, மஞ்சூர்ப் பகுதிக் கடைகளில் உர மூட்டைக்கும் மருந்து தெளிப்பானுக்கும் பக்கத்தில் இன்று கொழுந்தெடுக்கும் இயந்திரமும் இடம் பிடித்துவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. கொழுந்து பறிக்க ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். பறிக்க வேண்டிய நாளில் பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலைக்குத் தொழிற்சாலையில் விலை இல்லை. எனவே கடனை வாங்கியாவது ஒரு இயந்திரம் வாங்க வேண்டும் என்ற நிலைக்குச் சிறு விவசாயி வந்திருக்கிறார். அவர் முதலில் படியேறுவது நமது கடைக்குத்தான்.

அங்கே என்ன நடக்கிறது? "பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேர் பிடிக்கும் பெரிய மிஷின் வாங்கியிருக்கிறார், எனக்கும் அதுவே வேண்டும்" என்கிறார் வந்தவர். நாமும் எடுத்துக் கொடுத்து ரசீது போட்டுவிடுகிறோம். அவருடைய தோட்டம் எப்படிப்பட்டது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரத்தின் வெட்டு அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். செடி வரிசைக்கு இருபுறமும் ஒவ்வொருவர் நின்று ஒரே வேகத்தில் நகர வேண்டும். பின்னால் பையைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வரிசை நேராகவும், செடியின் மேல்தளம் சமமாகவும், நடக்க வழியும் இருந்தால் இது அருமையான இயந்திரம். ஆனால் நமது மலையில் பழைய தோட்டங்கள் பல விதைக் கன்று நட்டு வளர்த்தவை. செடிக்குச் செடி உயரம் மாறும். கொழுந்து வரும் நாளும் மாறும். சரிவில் மேலும் கீழுமாக நட்ட இடங்களில் ஒருவர் மேட்டிலும் ஒருவர் பள்ளத்திலும் நின்று இயந்திரத்தைப் பிடித்தால் ஒரு பக்கம் பழைய இலை வரைக்கும் வெட்டும், மறுபக்கம் கொழுந்தையே தொடாது. அப்படிப்பட்ட இடத்துக்கு முதுகில் எஞ்சினை மாட்டிக் கொண்டு ஒருவரே இயக்கும் சிறிய இயந்திரம் மேல். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்க்காரருக்கு நல்ல கத்தரியே போதும் என்று சொல்லவும் நமக்கு மனம் வர வேண்டும்.

கத்தியிலும் விவரம் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த ஒச்சியாய், கவாசாகி போன்ற இயந்திரங்களில் வளைந்த கத்தி, தட்டைக் கத்தி என இருவகை உண்டு. செடியின் மேல்தளத்தை வளைவாக வைத்துப் பழகியவர்களுக்கு வளைந்த கத்தி. தளத்தைத் தட்டையாகவே வைத்திருக்கும் தோட்டத்தில் அது இரு ஓரங்களை ஆழமாக வெட்டி நடுவை விட்டுவிடும். கவாத்து முடிந்து செடி மீண்டும் கிளைத்து, தளத்தைச் சமப்படுத்திய பிறகு இயந்திரத்தை இறக்குவதே முறை. அதற்கு முன்னால் இறக்கிவிட்டு 'மிஷின் சரியில்லை' என்று வருபவரிடம் வாதாடிப் பயனில்லை.

இன்னொன்று, உயரம். கடல் மட்டத்திலிருந்து 1000 அடி ஏறினால் பெட்ரோல் எஞ்சினின் சக்தி சுமார் 3 சதவீதம் குறையும். 6000 அடியிலுள்ள குன்னூரில் ஆறில் ஒரு பங்கும், 7000 அடிக்கு மேலுள்ள உதகையில் ஐந்தில் ஒரு பங்கும் போய்விடும். கோவையில் ஓட்டிப் பார்த்து வாங்கி வந்த எஞ்சின் இங்கே திணறுவது இதனால்தான். கார்புரேட்டரை இந்த உயரத்துக்கு ஏற்பச் சரி செய்து கொடுப்பது மலைக் கடைக்காரரால் ஆகிற காரியம். இதுவே நமது பலம்.

குளிர்நாட்டு வணிகர்களைப் பார்த்தும் நாம் கற்கலாம். நமக்கு டிசம்பர், ஜனவரியில் உறைபனியோடு சரி. கனடாவிலோ வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனி விழும். பனியை வாரி வீசும் இயந்திரத்தை 1925ல் கியூபெக்கில் ஆர்தர் சிக்கார் என்பவர் உருவாக்கினார். இன்று வீட்டு உபயோகத்துக்கு அதில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில் ஒரே சுழலி தரையைத் தொட்டு வாரி, தானே வீசிவிடும். சிமெண்ட் தரைக்கும் குறைந்த பனிக்கும் அது போதும். இரண்டாம் வகை இருகட்ட இயந்திரம்: முன்சுழலி பனியை வாரி உள்ளே தள்ளும், பின்னாலிருக்கும் விசிறி அதைத் தூர வீசும். முன்சுழலி தரையைத் தொடாதபடி உயர்த்தி வைக்கலாம் என்பதால் சரளைக்கல் பாதைக்கும் கனத்த பனிக்கும் அதுதான் ஏற்றது. 'வாசல் எவ்வளவு நீளம்? தரை என்ன? சரிவு உண்டா? எவ்வளவு பனி விழும்?' என்று கேட்டு அறிந்த பிறகே எது வேண்டும் என்று அங்கே முடிவு செய்ய முடியும். அந்த இருகட்ட இயந்திரத்தில் சிறு போல்ட் ஒன்று உண்டு. கல் சிக்கினால் அது முறிந்து பல்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றும். விலை அற்பம், ஆனால் பனி கொட்டும் நாளில் அது இல்லையென்றால் இயந்திரமே வெறும் இரும்பு.

நமது மலையிலும் அதே கதைதான். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கி வரும்போது ஒரு ஸ்பார்க் பிளக்குக்கோ ஸ்டார்ட்டர் கயிற்றுக்கோ கத்தி சாணை பிடிக்கவோ மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருந்தால், அந்த விவசாயிக்கு ஒரு சுற்றுப் பறிப்பே போய்விடும். எனவே ஊருக்கொரு கடையிலாவது உதிரிபாகம் இருப்பு வைக்க நமது சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாக் கடையும் எல்லாக் கம்பெனிப் பொருளையும் வைக்க வேண்டியதில்லை. யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு கடையிலும் தொங்கினால் போதும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அபாயத்தையும் சரியான உபயோகத்தையும் பற்றித் தயாரிப்பாளர் தரும் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காத விற்பனையாளர், அதனால் வரும் பாதிப்புக்குப் பொறுப்பாளியாவார் என்பது அதில் உள்ளது. ஓடும் கத்தியில் கை வைக்கக் கூடாது, எஞ்சினை நிறுத்தாமல் அடைப்பை எடுக்கக் கூடாது என்பதை நமது தமிழில் நாமே சொல்லித் தர வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தைப் பெட்டியோடு கொடுத்துவிட்டோம் என்று ஒதுங்கி நிற்பது அழகல்ல.

'நாம் கேள்வி கேட்டுக் கொண்டிருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரே' என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். போகட்டும். பெரிய இயந்திரம் கொட்டகையில் துருப்பிடிக்க, கடன் தவணை கட்டும் விவசாயி உரத்துக்கும் மளிகைக்கும் யாரிடம் பாக்கி வைப்பார்? நம்மிடம்தான். அவர் தோட்டம் நொடித்தால் நமது பேரேடும் நொடிக்கும். நமது மலையில் மளிகை முதல் ஜவுளி வரை எல்லா வியாபாரமும் பச்சைத் தேயிலைப் பணத்தில் ஓடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒரு இயந்திரத்தில் கிடைக்கும் லாபம் ஒரு நாள் லாபம். "எனக்கு ஏற்றதைக் கொடுத்தார்" என்று ஒரு விவசாயி ஊரில் போய்ச் சொல்வது தலைமுறை லாபம். அளந்து பார்த்து விற்போம். கடையும் வாழும், தோட்டமும் வாழும்.