ஒரே நாடாக இருந்தார்கள், 2050-ல் எங்கே இருப்பார்கள்?

1951-ல் பாகிஸ்தான் முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்தியபோது, கிழக்குப் பகுதியில் சுமார் 4.2 கோடிப் பேரும் மேற்குப் பகுதியில் சுமார் 3.4 கோடிப் பேரும் இருந்தனர். கிழக்கில்தான் கூட்டம் அதிகம். அந்தப் பகுதி 1971-ல் வங்கதேசமாகப் பிரிந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2023 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தானில் 24 கோடிக்கும் அதிகமானோர். 2022 கணக்கெடுப்பின்படி வங்கதேசத்தில் சுமார் 17 கோடிப் பேர். 2050-ல் பாகிஸ்தான் சுமார் 37 கோடியையும் வங்கதேசம் சுமார் 21 கோடியையும் எட்டும் என்கிறது ஐ.நா.வின் 2024-ஆம் ஆண்டுக் கணிப்பு.

முஸ்லிம்கள் என்றாலே அதிகம் பிள்ளை பெறுகிறவர்கள் என்று நம் நாட்டில் தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறவர்கள் இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1970-களில் இரு நாடுகளிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறேழு குழந்தைகள். வங்கதேசத்தில் அது 2022 ஆய்வில் 2.3. பாகிஸ்தானிலோ 2017-18 ஆய்வில் 3.6. மார்க்கம் ஒன்றுதான், பெரும்பான்மையும் ஒன்றுதான். வித்தியாசத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

ஆஸ்திரியாவின் வியன்னாவில் வொல்ஃப்காங் லூட்ஸ், சமீர் கே.சி. முதலிய ஆய்வாளர்கள் மக்கள் தொகையைக் கணிக்கும் முறை இதற்கு உதவுகிறது. வழக்கமாக வயது, பாலினம் இரண்டைத்தான் பார்ப்பார்கள். இவர்கள் மூன்றாவதாகக் கல்வித் தகுதியையும் சேர்க்கிறார்கள். காரணம் எளிது. இருபது வயதில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பெரும்பாலும் நாற்பத்தைந்திலும் அப்படியே இருப்பார். எனவே 2050-ல் ஒரு நாட்டின் நடுத்தர வயதினர் எவ்வளவு படித்தவர்கள் என்பதில் பெரும்பகுதி இன்றே தெரிந்துவிடுகிறது. அதோடு, படித்த தாய்க்கும் படிக்காத தாய்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை வேறுபடுகிறது. பாகிஸ்தானின் அதே 2017-18 ஆய்வில் படிக்காத பெண்களுக்குச் சராசரி 4.2 குழந்தைகள், உயர்கல்வி பெற்றவர்களுக்கு 2.6. பெண் கல்வி வேகமாக வளர்ந்தால் ஒரு கணிப்பு, இப்படியே தேங்கினால் இன்னொரு கணிப்பு என்று அவர்கள் போட்டுக் காட்டும்போது, பாகிஸ்தான் போன்ற நாடுகளில் இரண்டுக்கும் நடுவே பல கோடிப் பேரின் இடைவெளி விழுகிறது.

வங்கதேசம் என்ன செய்தது? எல்லாவற்றையும் கல்வியின் கணக்கில் எழுதிவிட முடியாது. 1970-களின் இறுதியிலிருந்தே பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று குடும்ப நலச் சேவையைக் கொடுத்தார்கள். பிறப்பு விகிதம் அப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அந்த இறக்கத்தை நிலைக்க வைத்ததில் 1994-ல் கிராமப்புறங்கள் முழுவதும் வந்த பெண்கள் கல்வி உதவித்தொகைக்குப் பெரிய பங்குண்டு. 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், படிக்கும் காலத்தில் திருமணம் கூடாது என்பவை நிபந்தனைகள். பணம் மாணவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போனது. அரசுப் பாடத்திட்டத்தை ஏற்ற ஆலியா மதரஸாக்களும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. இன்று அவற்றில் படிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாணவிகள். மதரஸா என்றாலே பெண் கல்விக்குத் தடை என்று எழுதுகிறவர்கள் இதை ஏன் கவனிப்பதில்லை என்று தெரியவில்லை.

அதற்காக வங்கதேசத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். 18 வயதுக்குள் திருமணம் முடிந்துவிடும் பெண்கள் அங்கே இன்னும் பாதிக்குப் பாதி. பிறப்பு விகிதமும் 2011 முதல் 2022 வரை 2.3-லேயே நின்றது. இதைவிடப் பெரிய சிக்கல், படித்தவர்களுக்கு வேலை இல்லாதது. 2024 ஜூலையில் டாக்கா வீதிகளில் இறங்கியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீதம் ஒதுக்கியதை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம், ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறும் அளவுக்குப் போனது. பட்டதாரிகள் பெருகுவார்கள் என்பதை எந்தக் கணிப்பும் முன்கூட்டியே சொல்லியிருக்கும். அவர்களுக்கான வேலையை உருவாக்குவது ஆட்சியாளர்களின் பொறுப்பாக இருந்தது.

பாகிஸ்தானின் நிலை இதற்கும் முந்தைய படியில் நிற்கிறது. 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2010-லேயே அரசியலமைப்பில் 25-ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். 2024 மே மாதம் பிரதமர் ஷாபாஸ் ஷெரீஃப் கல்வி அவசரநிலையை அறிவித்தபோது, பள்ளிக்கு வெளியே நின்ற குழந்தைகள் சுமார் 2.6 கோடி. 2023 கணக்கெடுப்பில் எழுத்தறிவு ஆண்களுக்கு 68 சதவீதம், பெண்களுக்கு 53 சதவீதம். பஞ்சாபில் மொத்த எழுத்தறிவு 66 சதவீதம் என்றால் பலூசிஸ்தானில் 42. ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு எதிர்காலங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன.

அந்த 2.6 கோடிப் பேரும் 2050-ல் முப்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயதில் இருப்பார்கள். அன்றைய தொழிலாளர்களும் தாய் தந்தையரும் அவர்கள்தான். தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடும் சிறுமிகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் நடுநிலைப் பள்ளி கிடைக்குமா, அங்கே ஓர் ஆசிரியை இருப்பாரா என்பதைப் பொறுத்தே 37 கோடி என்ற கணிப்பு ஏறவோ இறங்கவோ செய்யும்.