சிறுநீரகத்தின் வாயில்



கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டுக் குண்டிக்காயை நெடுக்காக அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளிப்புறம் ஒரு நிறமும் உட்புறம் வேறு நிறமுமாகத் தென்படும். நம் சிறுநீரகமும் ஏறத்தாழ அவ்வாறே அமைந்துள்ளது. வெளிப்பகுதி புறணி, உட்பகுதி அகணி. ஆட்டின் அகணி ஒரே திரளாயிருக்கும். மனிதனுடையதோ பல கூம்புகளாகப் பிரிந்திருக்கும்.

ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் இருநூறில் ஒரு பங்கே. ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், இவற்றுக்குச் செல்கிறது. தம் பசி தீர்வதற்காக அன்று. உடல் முழுவதன் கழிவையும் பிரித்தெடுப்பதற்காக.

பிற உறுப்புகளில் தமனி தந்துகிகளாகப் பிரிந்து, பின் சிரையாகி வெளியேறும். இங்கே நிகழ்வது வேறு. நுண்தமனி ஒரு தந்துகி முடிச்சாகச் சுருண்டு, மீண்டும் நுண்தமனியாகவே வெளிவந்து, மறுபடியும் தந்துகி வலையாக விரிகிறது. (கலைப் பட்டதாரியாகிய நான் இதனைப் புரிந்துகொள்ள மூன்று முறை படம் வரைய நேர்ந்தது!) முடிச்சில் நீர் வடிகிறது; வடிந்ததில் உடலுக்கு வேண்டியதை வலை மீட்டுக்கொள்கிறது. நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. ஒரு சிறுநீரகத்தில் இத்தகைய முடிச்சுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. இத்தாலியரான மால்பிகி 1666-இல் இவற்றைப் பற்றி எழுதினார்.

முடிச்சினுள் இரத்தம் நுழையும் நுண்தமனியே வாயில். உடலில் நீர் குறையும்போதும் அது சுருங்கிவிடாதிருக்கச் சிறுநீரகமே ஒருவகை வேதிப்பொருளைச் சுரக்கிறது. மூட்டுவலிக்கென விழுங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் முதலிய மாத்திரைகள் அச்சுரப்பையே தடுத்துவிடுகின்றன. வாயில் சுருங்குகிறது, வடிதல் குறைகிறது. அகணிக்கோ இயல்பிலேயே சொற்ப இரத்தந்தான் கிடைக்கிறது. முதியோர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர், வெயிலில் உழைத்து நீர் வற்றியோர் ஆகியோருக்கு இதனால் ஆபத்து மிகுதி.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, முழங்கால் வலிக்கு இரண்டாண்டுகள் மருந்துச் சீட்டின்றி மாத்திரை வாங்கி உண்டுவந்தார். சிறுநீரகம் வலிக்கவில்லை, அதனால் எவரும் ஐயுறவில்லை. கால்கள் வீங்கிய பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைச் சோதித்தனர். “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?” என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. மாத்திரையை நிறுத்தியதும் கிரியேட்டினின் ஓரளவு இறங்கியது. பழைய நிலைக்கு வரவில்லை. இப்போது வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார். மூன்று மாதத்திற்கொரு முறை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன.